பேட்டரி நிறையும்வரை வெயில்

"வெயிலைக் காக்க வைக்காதலே மக்கா, காக்க வச்சா அது..." என்று அப்பா சொல்லுவார். அதற்குப் பிறகு என்ன சொல்லுவார் என்பதுதான் தவசிமுத்துவுக்கு ஞாபகம் வரவில்லை. காக்க வைத்தால் கோபித்துக்கொள்ளும் என்றாரா, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றாரா, இல்லை, உப்பளத்தில் குனிந்தே நிற்கிறவர்கள் பொழுது ஓட வேண்டும் என்பதற்காக எதையாவது பேசிக்கொள்வார்களே, அந்த வகையா? உடைவிளையில் வெயில் காத்திருக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த மீதி வாக்கியத்தைத் தேடித் தேடி அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

காத்திருந்தது என்றால் நிஜமாகவே காத்திருந்தது. வண்டி முதன்முதலாக ஓடிய அன்று சாயங்காலம், உடைமரக் கூட்டத்துக்குப் பின்னால் இறங்க வேண்டிய சூரியன் மரங்களின் தலைக்கு ஒரு பனை உயரத்துக்கு மேலேயே நின்றுகொண்டது. பக்கத்து ஊர்களில் தெருவிளக்கு எரிந்து, மாடு கொட்டிலுக்குள் போய், பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மூடிவிட்டுத் தட்டை எடுத்து வைத்த பிறகும் உடைவிளையில் மட்டும் வெயில் தெருவில் கிடந்தது. கடைசி பஸ் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள்ளேயே வந்து, ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் பளீரென்ற வெளிச்சத்துக்குள் நுழைந்தது. டிரைவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "என்னய்யா, உங்க ஊர்ல இன்னும் பொழுது அடையலையா?" என்று கேட்டார். டீக்கடைப் பெஞ்சிலிருந்த ஒருவர் கிளாஸிலிருந்து வாயை எடுக்காமலே, "தவசி வண்டி இன்னும் நெறையல, அதான்" என்றார். டிரைவர், "ஓ, அப்படியா" என்று பஸ்ஸைத் திருப்பினார். பிறகு வண்டியின் பேட்டரி நிறைந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்த அதே நொடியில், வேலை முடிந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற மாதிரி சூரியன் விறுவிறுவென்று இறங்கிப் போனது. அந்திச் செம்மைகூடக் கிடையாது. ஊர் இருட்டில் கிடந்தது.

வண்டி என்றால் பெரிய வண்டி ஒன்றும் இல்லை. மூன்று சக்கரம், எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, கூரைக்குப் பதிலாக இரண்டு சோலார் பேனல். எட்டுப் பெண்கள் முட்டி இடிக்க உட்காரலாம். ஊரிலிருந்து உப்பளத்துக்குப் போகிற கரைப்பாதையில் விடியுமுன்னே நடந்து போய், பாத்தியில் உப்பு வாரி, உச்சி வெயிலில் வெந்த காலோடு நடந்து திரும்புகிற பெண்களில் ஒருத்தி அவனுடைய அக்கா சொர்ணம். பஹ்ரைனில் இருபது வருஷத்துக்கு மேல் கட்டடம் கட்டடமாக வயர் இழுத்து, பகலெல்லாம் இங்கிலீஷிலும் ராத்திரி தனக்குள்ளே தமிழிலும் பேசிப் பேசி, இனி போதும் என்று பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு அக்கா வாசலில் நின்று, "யாரு?" என்று கேட்டாள். பத்தடி தூரத்தில் நின்ற தம்பியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. உப்பின் வெள்ளை அவள் கண்ணைத் தின்றிருந்தது. இனியும் வெயில் கூச்சம் பட்டால் மிச்சமும் போய்விடும், உச்சிக்கு முன்னே நிழலுக்கு வந்துவிட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விடச் சொன்னால் விடமாட்டாள். "வீட்ல இருந்து என்னத்தப் பாக்கது, செவுத்தையா? அதுவும்தான் தெரியமாட்டேங்கே" என்று சிரிப்பாள். சரி, வேலை முடிந்த மறுநிமிஷமே கூரைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுக்கு வந்து சேரட்டும் என்றுதான் வண்டி.

எல்லாச் சாமானையும் அவனே பார்த்து வாங்கிப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அதைக் கோயில் மண்டபத்தில், ஊர்க்கூட்டத்தில், வாயைத் திறந்து சொன்னதுதான் தப்பு. பொதுக்காரியம் என்று காதில் விழுந்ததும் உபயம் கிளம்பிவிட்டது. உடைவிளைக்காரர்களுக்கு உபயம் என்றால் உயிர். அம்மன் கோயில் டியூப்லைட்டுகளில் உபயதாரர் பேர், அவர் தகப்பனார் பேர், தாத்தா பேர், படித்த படிப்பு என்று எழுதி எழுதி வெளிச்சம் வர இடமில்லாமல் போய், சாமியை டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஃபேனின் மூன்று இறக்கைகளில் அண்ணன் தம்பி மூன்று பேர் பெயர் இருக்கிறது. சுற்றினால் படிக்க முடியாது என்று அதைச் சுற்ற விடுவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் அவன் ஒவ்வொருவரிடமும் என்னென்ன வேண்டும் என்று வாய் வலிக்கச் சொன்னான். நாற்பத்தெட்டு வோல்ட் மோட்டார், அதற்கேற்ற சின்ன பேட்டரி நாலு, அதற்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலர். பேனல் தன்னுடைய உபயம். ஒன்றுக்கொன்று மேட்ச் ஆக வேண்டும், ஆகாவிட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் மும்பை வாழ் உடைவிளை மக்கள் சங்கத்தின் மோட்டார் வந்தது. அறுபது வோல்ட். தவசிமுத்து போன் போட்டான்.

"அண்ணாச்சி, நாப்பத்தெட்டுன்னுல்லா சொன்னேன்?"

"கடைக்காரன் அறுபதும் இருக்குன்னான் தம்பி. நம்ம ஊர்ப் பேருக்கு நாப்பத்தெட்டையா வாங்கிக் குடுக்கது?"

"பெருசு சின்னதுங்கது இல்ல அண்ணாச்சி. மேட்ச் ஆகணும்."

"ஆகும், ஆகும். ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்று சொல்லிச் சங்கத்துக்காரர் போனை வைத்தார். செருப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி.

மாற்றவும் முடியாது, மோட்டாரில் பித்தளைத் தகடு அடித்துச் சங்கத்தின் பேரை வெட்டி அனுப்பியிருந்தார்கள். அடுத்து பேட்டரி. அது அளத்து முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சி உபயம். ஒரு வீட்டையே ராத்திரி முழுக்க ஓட்டுகிற இன்வெர்ட்டர் பேட்டரி நாலை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை உப்புக் கனம். "வண்டிக்குச் சின்னது போதும் அண்ணாச்சி" என்றதற்கு, "சின்னதுன்னா எம்பேரை எங்கலே எழுதுவ?" என்று கேட்டார். மோட்டார் அறுபது கேட்கிறது, ஒரு பேட்டரி பன்னிரண்டு, ஆக ஐந்து வேண்டும், ஒன்றைக் கழற்றினாலும் வண்டி நகராது என்று அவன் வாய் தவறிக் கணக்குச் சொன்னதும், அண்ணாச்சி சந்தோஷமாக ஐந்தாவதையும் இறக்கினார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் எபனேசர் சார் கொடுத்த கன்ட்ரோலர், திண்டுக்கல் பூட்டு அளவில், வீட்டில் இரண்டு பல்பு எரிப்பதற்கானது. பேனல் ஒரு பாஷை பேசும், பேட்டரி ஒரு பாஷை பேசும், நடுவில் நின்று இரண்டுக்கும் சொல்லிக் கொடுக்கிற பெட்டி அது. சார் கொடுத்த பெட்டி அறுபதின் பாஷையைக் கேட்டதே இல்லை. "நல்ல கம்பெனி தம்பி, கேரன்ட்டி உண்டு" என்றார் சார். அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்க் கடை கடையாக ஏறி, மேலே பணம் போட்டு மாற்றி வருவதற்கு அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில்தான் எழுத்து வேலை நடந்தது.

போகும்போது பெயின்டர் லிங்கதுரையிடம் அவன் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். பேனலைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தில், ஓரமாக, சின்னதாக, 'பால்வண்ணம் நினைவாக' என்று எழுத வேண்டும். பால்வண்ணம் அவனுடைய அப்பா. அளத்திலேயே விழுந்து செத்தார். அவருக்கு ஒரு போட்டோ கிடையாது, ரேஷன் கார்டில் இருந்த பேரும் எப்போதோ அடிக்கப்பட்டுவிட்டது. எழுதச் சொன்னது அக்காதான். அறிவொளி வகுப்பில் அவள் முதலில் எழுதிப் பழகியது அந்தப் பேரைத்தான்.

திரும்பி வந்து பார்த்தால், பேனல் கண்ணாடியின் மேல் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை எனாமல் பெயின்ட். நடுவில், ஒரு முழ உயரத்துக்கு, பால்வண்ணம்.

"சட்டத்துல எழுதினா அக்கா கண்ணுக்குத் தெரியாதுல்லா, அதான் கண்ணாடியிலயே பெருசா எழுதிட்டேன்" என்றான் லிங்கதுரை. அவன் செய்தது நல்ல மனசோடுதான். ஆனால் பால்வண்ணத்துக்கு ஒரு முழம் என்றால் ஞானதிரவியத்துக்கு எவ்வளவு? அண்ணாச்சி பேர் பூ வேலைப்பாட்டோடு. அதன் கீழே மும்பைச் சங்கம், பொறுப்பாளர்கள் பேரோடு. அதன் கீழே எபனேசர் சார், எம்.ஏ., பி.எட். இத்தனைக்கும் மேலே, ஒன்றும் கொடுக்காத கோயில் தர்மகர்த்தா சிவனணைந்த பெருமாள், 'முன்னிலை' என்று.

"கூரையில எழுதினா யாரு மாமா படிப்பா? காக்காயா?" என்று தவசிமுத்து கேட்டான்.

"மேல இருக்கவ படிப்பா" என்று தர்மகர்த்தா கோயில் கோபுரத்தைக் காட்டினார்.

அவன் விளக்கிப் பார்த்தான். பேனலுக்குள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கட்டங்கள், அளத்தில் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றுகிற பெண்கள் மாதிரி. ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வரிசையே நின்றுபோகும். ஒவ்வொரு எழுத்தும் ஒருத்தியின் கையைக் கட்டிப் போடுகிறது. எல்லோரும் கேட்டார்கள். உதாரணம் நன்றாக இருக்கிறது என்று எபனேசர் சார் பாராட்டினார். இவ்வளவு பெரிய பேட்டரியை, இவ்வளவு பேர் மறைத்த பேனலால், ஒரு பகலில் நிரப்பவே முடியாது என்று அவன் கடைசியாகச் சொன்னதற்குத் தர்மகர்த்தா, "ஒரு பகல் பத்தலைன்னா கொஞ்சம் கூட எடுத்துக்கிடட்டும்" என்றார்.

அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

ஊர் அதற்குப் பழகிய வேகத்தைப் பார்த்தால் இவர்கள் இத்தனை காலமும் இதற்காகவே உட்கார்ந்திருந்தார்களோ என்று தோன்றும். கோழிகள்தான் முதல் நாள் கொஞ்சம் தடுமாறின, கூட்டுக்குப் போவதும் வெளியே வருவதுமாக. பிறகு அவை வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கக் கற்றுக்கொண்டன, பச்சை எரிந்தால் வரிசையாக வீட்டுக்கு நடந்தன. ராத்திரிச் சீரியலைப் பெண்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டிப் பார்த்தார்கள். பையன்கள் கிரிக்கெட்டில் ஐந்து நாள் மேட்சை ஒரே நாளில் ஆடினார்கள். அம்மன் கோயில் பூசாரி மாலைப் பூசைக்கு மணியைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்புக் கொடுக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, நகம் வெட்டக் கூடாது என்பதெல்லாம் விளக்கு வைக்கிற நேரமே வராததால் தள்ளிப் போய், பத்து மணிக்கும் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்டுப் போகலாம் என்றாயிற்று. வெளியூர்க்காரர்கள் மிளகாயும் நெத்தலி மீனும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து உடைவிளைத் தெருவில் காயப்போட்டார்கள். புதிதாகக் கல்யாணமான பையன் ஒருவன் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "எண்ணே, இன்னும் எவ்வளவுண்ணே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 'சாயங்காலம்' என்ற சொல்லே போய், "பச்சைக்குப் பொறவு வாரேன்" என்று பேச ஆரம்பித்தார்கள்.

எரிச்சல் பட்டவன் ஊரிலேயே தவசிமுத்து ஒருவன்தான். அவனுக்கு வெயில் நிற்பது கூடப் பெரிய விஷயமாகப் படவில்லை. நின்ற இடம்தான் பொறுக்கவில்லை. மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து, "நிக்கது நிக்க, உச்சியிலயாவது நில்லேன்! அந்தச் சரிவுல நின்னா எனக்கு என்ன ஆம்பியர் வரும்?" என்று கத்தினான். டீக்கடையில் சிரித்தார்கள். சூரியன் அசையவில்லை.

ஒருநாள் வயரைப் பிடுங்கிப் பார்த்தான். வெயில் போகவில்லை, நிறைவதும் நின்றுபோனதால் இன்னும் கூடுதல் நேரம் நின்றது. மறுபடி ஓடிப்போய் மாட்டினான். வீட்டு லைனிலிருந்து சார்ஜ் போட்டுப் பார்த்தான். சூரியன் கையால் சாப்பிட்டுப் பழகிய பேட்டரி வேறு கையால் வாங்க மறுத்தது, மீட்டர் முள் அசையவே இல்லை. புதிதாக இன்னும் இரண்டு பேனல் வாங்கிப் போடுகிறேன் என்று தர்மகர்த்தாவிடம் போய் நின்றான்.

"தாராளமாப் போடு மாப்ள. விட்டுப்போன பேரு நெறைய இருக்கு" என்றார் அவர்.

இதற்கிடையில் ஞானதிரவியம் அண்ணாச்சி அளத்தின் வரப்பில் நின்று பாத்திகளைப் பார்த்தார். கூடுதல் வெயிலில் உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. பொழுது இருக்கும்போது வேலை செய்வதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியது. காலையில் ஒரு வாரல், மாலையில் ஒரு வாரல் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வராதவர்கள் காலையிலும் வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

பெண்கள் போனார்கள். அக்காவும் போனாள். வண்டி இரண்டாவது நடை ஓடியது. வண்டி ஓடினால் பேட்டரி இறங்கும், பேட்டரி இறங்கினால் வெயில் நிற்கும், வெயில் நின்றால் அண்ணாச்சி கூப்பிடுவார், அண்ணாச்சி கூப்பிட்டால் வண்டி ஓடும். உச்சி வெயிலிலிருந்து அக்காவைக் காப்பாற்றச் செய்த வண்டி, ஊருக்கே இல்லாத ஒரு வெயிலைத் தயார் பண்ணி அவளை அதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் சரிந்து, நேராகக் கண்ணில் அடிக்கிற வெயில். ஒருநாள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மாலை நடைக்கு ஓட்ட மாட்டேன் என்றான். எட்டுப் பேரும் கரைப்பாதையில் நடக்க ஆரம்பித்தார்கள், அக்கா முன்னால் போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியைப் போட்டுப் பின்னாலேயே போய், ஏற்றிக்கொண்டான்.

"யக்கா, எனக்காகவாவது இந்த மாலை வேலையை விடேன்."

"விட்டா காலை வேலையும் போயிருமே. நீ சம்பாதிச்சுப் போட்டுருவ, தெரியும். நான் என்னத்துக்குப் பொழுது விடியுதுன்னு எந்திரிக்க?"

"பொழுதுதான் அடையவே மாட்டேங்குதே, பெறவு எங்க விடியது?"

அவள் சிரித்தாள். வண்டியை எப்போதும் கரைமேட்டை ஒட்டிப் பள்ளத்தில்தான் நிறுத்துவான். ஏறுவதற்கு முன்னால் அவள் மேட்டில் நின்று, கூரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாள். மற்ற பேர்கள் அவளுக்குப் புகை மாதிரிதான். நடுவில் உள்ளதை மட்டும் எழுத்துக் கூட்டுவாள், பா, ல், வ... விரலால் காற்றில் தடவி, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இது தினமும் நடந்தது.

"யக்கா, அப்பா ஒண்ணு சொல்லுவாருல்லா, வெயிலைக் காக்க வைக்காதலேன்னு. அதுக்குப் பொறவு என்ன?"

"அதுக்குப் பொறவு இருமல் வந்துரும் அவருக்கு."

"அய்யே, முழுசா ஒருநாளும் சொல்லலையா?"

"எங்க சொன்னாரு? காக்க வச்சா அதுன்னுவாரு, இருமுவாரு, மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிருவாரு. மிச்சத்த யாரும் கேக்கல."

இதற்காகவா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று அவனுக்கு அப்பா மேலேயும் எரிச்சல் வந்தது.

கடைசியில் பேர்களை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று, ஒவ்வொரு வாசலாக ஏறினான். பேர்கள் போனால் பேனல் முழு மூச்சாக வேலை செய்யும், மாலை நடை இல்லாத நாளில் இருட்டுமுன்னே பச்சை எரிந்துவிடும், வெயில் வேளையோடு வீட்டுக்குப் போகும் என்று கெஞ்சினான். பேரைக் கல்லில் வெட்டி ஊர் முகப்பில் வைக்கிறேன் என்றான். எபனேசர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "எனக்கு ஆட்சேபணை இல்ல தம்பி. எம்பேரு கடைசியில இருக்கு, மேல உள்ளவங்க எடுத்த பொறவு வா. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். மும்பைச் சங்கம் பொதுக்குழு கூட வேண்டும் என்றது. அண்ணாச்சி அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, "சூரியனே எம்பேரைப் படிச்சுக்கிட்டு நிக்காருலே. அவரு படிச்சு முடியுமுன்ன அழிக்கச் சொல்லுதியே, நியாயமா?" என்று கேட்டு, தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். கணக்கப்பிள்ளை எப்போதும் சிரிப்பார்.

"எங்க அக்காவுக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி."

"அதுக்குத்தானலே வண்டி விட்டிருக்கோம்" என்றார் அண்ணாச்சி, நிஜமான இரக்கத்தோடு.

தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, "வீடு வீடா ஏறுதியே மாப்ள, ஒண்ணு கேக்கேன். முதல்ல எழுதினது யாரு பேரு? பெருசா எழுதினது யாரு பேரு? அதை அப்படியே வச்சுக்கிட்டு எங்க பேரை அழிக்க வந்திருக்க. உங்கப்பன் பேரை நீ சுரண்டிட்டு வா, பொறவு பேசுவோம்" என்றார்.

எல்லோருக்கும் பத்து இடத்தில் பேர் இருந்தது, டியூப்லைட்டில், ஃபேனில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில், கல்யாண மண்டபத்துப் பாத்திரத்தில். பால்வண்ணத்துக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரு முழம். அதையும் அழித்தால் அக்கா கரைமேட்டில் நின்று எதைப் படிப்பாள்? தவசிமுத்து படி இறங்கினான். தெருவில் காய்ந்த மிளகாயை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கோழிகளைத் திட்டிக்கொண்டே வந்தான்.

அன்றைக்கு மாலை நடை முடிந்து பெண்களை இறக்கிவிட்டு, வண்டியை வழக்கமான பள்ளத்தில் நிறுத்தி, மீட்டரைப் பார்த்தான். பாதிகூட ஏறவில்லை. மேற்கே சூரியன் உடைமரங்களுக்கு மேலே, ஒன்றும் அவசரமில்லாத ஆளைப் போல நின்றது. தெரு முழுக்க மஞ்சள் வெயில். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பூசாரி ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தார், மடியில் மணி.

வீட்டு வாசலுக்கு வந்தவன் நின்றுவிட்டான். அக்கா முகம் கழுவி, திருநீறு பூசி, குத்துவிளக்கைத் துலக்கி வாசல்படியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். திரியைத் தடவித் தடவி எடுத்து, எண்ணெய் விட்டு, தீக்குச்சியைக் கிழித்து ஏற்றினாள். கொட்டுகிற வெயிலில் சுடர் இருப்பதே தெரியவில்லை, அதற்கு மேலே காற்று நெளிவதுதான் தெரிந்தது. அவள் அந்த நெளிவைப் பார்த்துக் கைகூப்பினாள். அவளுடைய முகத்தில், கன்னத்தில், திறந்திருந்த இரண்டு கண்ணிலும் நேராக வெயில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கவே இல்லை.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"தவசியா?"

"ஆமாக்கா."

"இன்னைக்கு வெள்ளனவே இருட்டிட்டே, பாத்தியா" என்றாள், சந்தோஷமாக. "வண்டி நெறைஞ்சிட்டுதாக்கும்?"

எதிர்வீட்டுக்காரி உப்புக்காகக் கிண்ணத்தோடு படி இறங்கி வந்தவள், விளக்கைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். விளக்கு வைத்த வீட்டில் உப்புக் கேட்கக் கூடாது.

"நெறைஞ்சிட்டுதுக்கா" என்றான் தவசிமுத்து. "நீ உள்ள போயி உக்காரு. இந்தா வாரேன்."

அவன் சவரப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி, வண்டியின் கூரைமேல் ஏறி, முதலில் தன் அப்பாவின் பேரைச் சுரண்டினான்.